வரகனேரி முதல் சேரன்மாதேவி வரை: ஆயுதம் பயின்ற வ.வே.சு. ஐயரின் எழுத்து வாழ்க்கை

ஆய்வுச்சுருக்கம்

திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் பிறந்த வ.வே.சு. ஐயர் (1881 - 1925), இலண்டனில் ஆயுதப் புரட்சியாளராகவும் புதுச்சேரியில் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவராகவும் விளங்கியவர். பின்னர்ச் சிறுகதை, வாழ்க்கை வரலாறு, மொழிபெயர்ப்பு, ஒப்பிலக்கியத் திறனாய்வு ஆகிய துறைகளில் தடம் பதித்தார். இலக்கிய வரலாற்று நூல்கள் அவரைச் சிறுகதை முன்னோடியாகவும், அரசியல் வரலாற்று நூல்கள் அவரைச் சேரன்மாதேவி குருகுலச் சர்ச்சையின் நாயகராகவும் தனித்தனியே பேசுகின்றன. அவருடைய வாழ்வை ஒரே தொடர்ச்சியாக வைத்து நோக்கும்போது இவ்விரு சித்திரங்களும் மாற்றம் பெறுவதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: வ.வே.சு. ஐயர், வரகனேரி, இந்தியா ஹவுஸ், புதுச்சேரி, கம்ப நிலையம், ஒப்பிலக்கியம், சேரன்மாதேவி குருகுலம்.

வரகனேரியும் இலத்தீனும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டைக்குத் தென்கிழக்கே, இன்று நகரத்தோடு கலந்துவிட்ட பகுதி வரகனேரி. 1881ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் அங்கே வேங்கடேச ஐயரின் மகனாகப் பிறந்தார் சுப்பிரமணியம். ஊர்ப் பெயரும் தந்தை பெயரும் முன்னெழுத்துகளாகச் சேர்ந்து வ.வே.சு. ஐயர் என்னும் வழக்கு நிலைத்தது. திருச்சிராப்பள்ளி புனித வளனார் கல்லூரியில் பட்டப்படிப்பு. பாடங்கள் வரலாறு, அரசியல், இலத்தீன்.

இந்த இலத்தீன் பாடத்தை ஐயரின் வாழ்க்கையை எழுதியவர்கள் பலரும் ஒரு தகவலாக மட்டுமே குறித்துவிட்டுக் கடந்து செல்கின்றனர். அது அவ்வாறு கடந்து செல்லத்தக்கதன்று. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழ்ப் பார்ப்பனக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குச் செவ்வியல் மொழி என்றால் சமஸ்கிருதமே. இயேசு சபையினர் நடத்திய கல்லூரியில் இலத்தீனைத் தேர்ந்த மாணவர் வர்ஜிலை மூலமொழியில் அணுகும் வாய்ப்பைப் பெற்றார். இருபது ஆண்டுகளுக்குப் பின்னர்ப் பல்லாரிச் சிறையில் கம்பனை வர்ஜிலோடு வைத்து அளந்தவருக்கு அந்த அளவுகோல் கிடைத்த இடம் காவிரிக் கரைதான், இலண்டன் அன்று.

படிப்பிற்குப் பின் வழக்குரைஞர் தேர்வில் தேறித் திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் சிறிது காலம் தொழில் செய்தார். 1906இல் இரங்கூன் சென்றார். தென்னிந்தியரின் தொழிலும் வணிகமும் செழித்திருந்த நகரம் அது. அங்கிருந்து 1907இல் பாரிஸ்டர் படிப்பிற்காக இலண்டன் சென்று லிங்கன்ஸ் இன்னில் சேர்ந்தார். அதுவரை அவருடைய வாழ்வில் நடுத்தர வர்க்கத்து இளைஞர் ஒருவரின் முன்னேற்றப் பாதையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

இலண்டன்: படையும் கடிதமும்

இலண்டன் ஹைகேட் பகுதியில் சியாம்ஜி கிருஷ்ண வர்மா 1905இல் தொடங்கிய மாணவர் விடுதி இந்தியா ஹவுஸ். சைவ உணவை நாடி அங்கே சென்ற ஐயர் சாவர்க்கரின் நெருங்கிய தோழரானார். திருவரங்கத்தைச் சேர்ந்த மருத்துவர் தி.சே.சௌ. ராஜனும் அக்காலத்தில் இலண்டனில் படித்துக்கொண்டிருந்தவர். காவிரியின் இரு கரைகளிலிருந்து சென்ற இவ்விருவரின் நட்பு தமிழ் வாழ்க்கை வரலாற்று எழுத்திற்கும் பயன்பட்டது. பிற்காலத்தில் ராஜன் ஐயரைப் பற்றித் தமிழில் எழுதிய நூல், நேரில் கண்டவர் தரும் சான்று என்னும் தகுதியை உடையது. ஐயரைப் பற்றி வழங்கும் செய்திகள் பலவற்றின் ஊற்று அதுவே.

ஐயர் எந்த அரசின் படையிலும் சேர்ந்தவர் அல்லர். எனினும் படைவீரனுக்குரிய பயிற்சியை அவர் திட்டமிட்டு மேற்கொண்டார். துப்பாக்கிச் சுடுதலும் உடற்பயிற்சியும் அவருடைய அன்றாட ஒழுக்கமாயின. 1909ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் மதன்லால் திங்ரா கர்சன் வைலியைச் சுட்டுக் கொன்றபின் இந்தியா ஹவுஸைச் சேர்ந்தவர்கள் அனைவரும் கண்காணிப்புக்கு உள்ளாயினர். அதே ஆண்டு அக்டோபரில் இலண்டன் இந்தியர் நடத்திய விஜயதசமி விருந்திற்குக் காந்தி தலைமை ஏற்றார், சாவர்க்கரும் பேசினார். ஆயுதத்தை நம்பியவர்களும் அதை மறுத்தவரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்த அந்நிகழ்ச்சியின் காலத்தில் ஐயர் ஐயத்திற்கிடமின்றி முதல் அணியைச் சேர்ந்தவர்.

எனினும் இக்காலத்தை ஆயுதக் காலம் என்றும் புதுச்சேரிக் காலத்தை எழுத்துக் காலம் என்றும் பிரிப்பது சான்றுகளுக்குப் பொருந்தாது. பாரதி நடத்திய 'இந்தியா' இதழுக்கு இலண்டனிலிருந்து ஐயர் கடிதங்கள் எழுதிவந்தார். அயல்நாட்டு அரசியலைத் தமிழ் உரைநடையில் தொடர்ச்சியாக எடுத்துரைத்த தொடக்க முயற்சிகளுள் அவை அடங்கும். அவருடைய எழுத்துப் பயிற்சியும் துப்பாக்கிப் பயிற்சியும் ஒரே ஆண்டுகளில், ஒரே அறையில் நிகழ்ந்தவை.

பாரிஸ்டர் தேர்வுகளை முடித்தும் அரச விசுவாச உறுதிமொழியை ஏற்க மறுத்துப் பட்டத்தைத் துறந்தார். 1910 மார்ச்சில் சாவர்க்கர் கைதானதும் ஐயரின் நிலையும் இடர்மிக்கதாயிற்று. அவர் பாரிசு சென்று காமா அம்மையாரோடு இணைந்து செயல்பட்டார். அவ்வாண்டு ஜூலையில் மார்செய் துறைமுகத்தில் கப்பலிலிருந்து குதித்துக் கரையேறிய சாவர்க்கரை மீட்க வேண்டியவர்கள் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. அவர்களுள் ஐயரும் ஒருவர். அந்தச் சிறு காலத்தாழ்வு சாவர்க்கரை அந்தமானுக்கு இட்டுச் சென்றது.

இலண்டனிலிருந்து தப்பிய பயணத்தைப் பற்றிய கதை தமிழ் வாசகர்கள் நன்கறிந்தது. தாடி வளர்த்துச் சீக்கியரைப் போலக் கோலம் கொண்டதும், பெட்டியில் பொறித்திருந்த முன்னெழுத்துகளை வீர விக்ரம் சிங் என்னும் பெயராக விரித்து உளவாளியை ஏய்த்ததும் மீண்டும் மீண்டும் எழுதப்பட்டுள்ளன. கேட்பதற்கு இனிய நிகழ்ச்சிதான். ஆயினும் ஒரு வாழ்க்கையின் நடுப்பகுதி முழுவதையும் இத்தகைய ஒரு சாகசம் மறைத்துவிடுவதை வாழ்க்கை வரலாற்று ஆய்வாளர் கவனத்தில் கொள்ளவேண்டும். 1910ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் இசுலாமியர் வேடத்தில் அவர் புதுச்சேரி வந்து சேர்ந்தார்.

புதுச்சேரி: பத்தாண்டு அடைக்கலம்

பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியில் பாரதி 1908 முதலும், அரவிந்தர் 1910 ஏப்ரல் முதலும் தங்கியிருந்தனர். மண்டயம் சீனிவாசாச்சாரியாரும் அங்கிருந்தார். ஐயரின் மனைவி பாக்கியலட்சுமியும் பின்னர் வந்து சேர்ந்தார். வாஞ்சிநாதன் புதுச்சேரியில் ஐயரிடம் துப்பாக்கிப் பயிற்சி பெற்றார் என்பது வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் ஏற்கும் செய்தி. 1911 ஜூன் 17ஆம் நாள் மணியாச்சி இரயில் சந்திப்பில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ் சுடப்பட்டார்; வாஞ்சிநாதன் அங்கேயே தம்மையும் சுட்டுக்கொண்டார்.

ஆஷ் கொலைக்குப் பின்பு ஐயரின் வாழ்வில் ஆயுதச் செயல் ஒன்றும் இல்லை. ஏன் என்னும் வினா எழுவது இயல்பு. காந்தியத்தின் தாக்கத்தால் அவர் மனம் மாறினார் என்பது வழக்கமான விடை. காந்தியை அவர் மதித்ததும் பின்னர் ஒத்துழையாமை இயக்கத்தை ஏற்றதும் உண்மை. ஆனால் அதற்கு முன்பே, பிரிட்டிஷ் ஒற்றர்கள் தெருவெங்கும் நிறைந்திருந்த சிறு நகரத்தில், வெளியேற வழியின்றிப் பத்தாண்டு அடைபட்டிருந்தார் என்னும் புறச்சூழலையும் கணக்கில் கொள்ளவேண்டும். கருத்து மாறியது, காலமும் இடமும் அம்மாற்றத்தை வற்புறுத்தின.

முதல் உலகப்போர் தொடங்கிய சில வாரங்களில், 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, எம்டன் என்னும் செருமானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகள் மீது குண்டுவீசியது. தமிழ்ப் பேச்சு வழக்கில் எமகாதகனைக் குறிக்க எம்டன் என்னும் சொல்லைத் தந்த அக்கப்பல் புதுச்சேரி அடைக்கலவாசிகளுக்குப் புதிய நெருக்கடியையும் தந்தது. ஆங்கில அரசு இவர்கள் மீது ஐயம் கொண்டது. இவர்களை ஆப்பிரிக்காவிற்கு அனுப்பிவிடுமாறு பிரெஞ்சு ஆளுநரை வற்புறுத்தியது. நாடு கடத்தப்படுமுன் முடித்துவிடவேண்டும் என்னும் விரைவோடு ஐயர் மேற்கொண்ட பணியே திருக்குறளின் ஆங்கில மொழிபெயர்ப்பு. 1916இல் அது நூலாக வெளிவந்தது. ஜி.யு. போப் 1886இல் செய்யுளில் தந்த மொழிபெயர்ப்பிற்கு மாறாக ஐயர் உரைநடையைத் தேர்ந்தார். எதுகையும் சீரும் தேடிப் பொருளை வளைக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லாமற்போயிற்று. குறளின் சுருக்கத்தை அவரால் காக்க முடியவில்லை என்பது உண்மை; பொருளின் நேர்மையைக் காத்தார்.

கம்ப நிலையம் என்னும் பெயரில் சொந்தப் பதிப்பகம் ஒன்றையும் தொடங்கினார். அக்காலத்து அவருடைய எழுத்து ஒரு குறிப்பிட்ட வாசகரை முன்னிட்டது. நெப்போலியன், கரிபால்டி, சந்திரகுப்தன், புக்கர் வாஷிங்டன் ஆகியோரைப் பற்றி எழுதினார். எமர்சனின் தன்னம்பிக்கைக் கட்டுரையைத் தமிழாக்கினார். இப்பட்டியலில் மூவர் படை நடத்தியவர்கள். ஒருவர் அடிமையாகப் பிறந்து கல்வி நிலையம் கண்டவர். துப்பாக்கியைக் கீழே வைத்த கை எதை எழுதத் தேர்ந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை. படைத்தலைவர்களை எழுதியது கடந்த காலத்தின் எச்சம் என்றால், புக்கர் வாஷிங்டனை எழுதியது சேரன்மாதேவிக்கான முன்னோட்டம்.

குளத்தங்கரை அரசமரம்

'குளத்தங்கரை அரசமரம்' 1915இல் 'விவேகபோதினி' இதழில் வெளிவந்தது. பின்னர் 'மங்கையர்க்கரசியின் காதல்' என்னும் தொகுதியில் இடம்பெற்றது. தமிழின் முதல் சிறுகதை இதுவா, இல்லையா என்னும் விவாதம் ஆய்வுலகில் போதிய அளவு நடந்துவிட்டது. படித்துறை ஒன்று கதைசொல்லும் தாகூரின் வங்கக் கதைக்கும் மரம் கதைசொல்லும் இக்கதைக்கும் உள்ள உறவும் சுட்டிக்காட்டப்பட்டுவிட்டது. முதன்மைப் போட்டியில் பெரிதாக ஒன்றும் விளையப்போவதில்லை. கதைக்குள் என்ன இருக்கிறது என்பதே கூடுதல் கவனத்திற்குரியது.

ருக்மிணியின் தந்தை செல்வத்தை இழப்பதற்குக் காரணம் ஆர்பத்நாட் வங்கியின் வீழ்ச்சி. 1906 அக்டோபரில் சென்னையில் உண்மையாகவே நிகழ்ந்த அந்த வீழ்ச்சியில் தென்னிந்தியக் குடும்பங்கள் பல சேமிப்பை இழந்தன. ஐயர் தாயகத்தைவிட்டுப் புறப்பட்ட காலமும் அதுவே. சீரும் செல்வமும் போனதும் புகுந்த வீட்டார் மருமகளை ஒதுக்கி மகனுக்கு வேறொரு பெண்ணைத் தேடுகின்றனர். கணவன் நாகராஜன் இசைவதுபோல் நடித்து, கடைசி நேரத்தில் மறுத்துப் பெற்றோருக்குப் பாடம் புகட்ட எண்ணுகிறான்; அந்த எண்ணத்தை மனைவியிடம் உரிய நேரத்தில் சொல்லாமல் விடுகிறான். அவள் குளத்தில் உயிர்விடுகிறாள். கொடுமைக்காரர்களின் கொடுமையைக் காட்டிலும் நல்லவன் ஒருவனின் விளையாட்டுத்தனமான மௌனமே உயிரைக் குடிக்கிறது. காலனிய வங்கி ஒன்று முறிவதற்கும் ஒரு கிராமத்துப் பெண் நீரில் மூழ்குவதற்கும் இடையே உள்ள பாதையைச் சில பக்கங்களில் வரைந்துகாட்டியது தமிழ் உரைநடைக்குப் புதிது. நடையில் பேச்சு வழக்கும் கலந்து வருவதால் கதைசொல்லும் மரத்திற்கு ஊர்ப் பாட்டி ஒருத்தியின் குரல் அமைந்துவிடுகிறது.

தொகுதியின் ஏனைய கதைகளில் களம் விரிகிறது. 'லைலி மஜ்னூன்' அரபு மரபிலிருந்தும், 'அனார்கலி' முகலாய அரண்மனையிலிருந்தும் வருபவை. 'அழேன் ழக்கே' தலைப்பிலேயே பிரெஞ்சு மணம் கொண்டது. தலைப்புக் கதை மன்னர் காலத்துக் காதலையும் போரையும் பாடுபொருளாகக் கொண்டது. இவற்றின் கலைத்தரம் ஒரே சீரானதன்று. வரலாற்றுக் கதைகளில் வருணனை மிகுந்து நிகழ்ச்சி தளர்கிறது. அரசமரத்தின் எளிமையை ஐயர் மற்ற கதைகளில் எட்டவில்லை என்றே கூறவேண்டும்.

பல்லாரிச் சிறையில் கம்பன்

போருக்குப் பின் அளிக்கப்பட்ட பொது மன்னிப்பால் 1920இல் ஐயர் பிரிட்டிஷ் இந்தியாவிற்குத் திரும்பினார். திரு.வி.க. விட்டுச்சென்ற 'தேசபக்தன்' நாளிதழின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். 1921இல் இதழில் வந்த எழுத்திற்காக அரச நிந்தனைக் குற்றம் சாட்டப்பட்டு ஒன்பது மாதச் சிறைத்தண்டனை பெற்றார். துப்பாக்கி ஏந்திய காலத்தில் பிடிபடாதவர், பேனா ஏந்திய காலத்தில் சிறை சென்றார். அவ்வாண்டு செப்டம்பரில் பாரதி மறைந்தார்.

பல்லாரிச் சிறையில் எழுதப்பட்டது கம்பராமாயணம் பற்றிய ஆங்கில ஆய்வுநூல். ஹோமர், வர்ஜில், தாந்தே, மில்டன், வால்மீகி ஆகியோரோடு கம்பனை வைத்து, காவிய அமைப்பு, பாத்திரப் படைப்பு, உவமை ஆகிய கூறுகளில் அவர் நுணுகி ஒப்பிடுகிறார். கம்பன் இவர்களுக்கு இணையானவன் மட்டுமல்லன், பலவிடங்களில் மேம்பட்டவன் என்பது அவருடைய முடிவு. இதனை மொழிப்பற்றின் மிகை என்று கருதுவோர் உண்டு. சில இடங்களில் அக்கருத்திற்கு இடமும் இருக்கிறது. வழக்குரைஞர் தம் கட்சிக்காரருக்காக வாதிடும் தொனி ஆங்காங்கே ஒலிக்கிறது. ஆனால் அவர் மேற்கொண்ட முறை கவனத்திற்குரியது. தமிழ்க் காவியத்தைத் தமிழ் இலக்கண மரபிற்குள்ளேயே வைத்துப் பாராட்டும் வழக்கத்தை விடுத்து, உலகக் காவியங்களின் நடுவே நிறுத்தி, பகுதிக்குப் பகுதி எடுத்துக்காட்டி மதிப்பிடுகிறார். தமிழ் ஒப்பிலக்கியம் பல்கலைக்கழகத் துறையாக வளர்வதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே சிறைக் கைதி ஒருவர் செய்த பணி இது.

சேரன்மாதேவி

விடுதலையானபின் திருநெல்வேலி மாவட்டம் கல்லிடைக்குறிச்சியில் தொடங்கிச் சேரன்மாதேவியில் நிலைபெற்றது அவர் நிறுவிய தமிழ்க் குருகுலம். தாய்மொழிவழிக் கல்வி, கைத்தொழில், உடற்பயிற்சி, தேசிய உணர்வு ஆகியவை அதன் நோக்கங்கள். தமிழ்நாடு காங்கிரஸ் குழு பத்தாயிரம் ரூபாய் அளிக்க இசைந்து முதல் தவணையாக ஐயாயிரம் வழங்கியது. 'பாலபாரதி' இதழும் அங்கிருந்தே நடந்தது.

பார்ப்பன மாணவர் இருவருக்குத் தனியே உணவு படைக்கப்பட்ட செய்தி வெளியானபோது காங்கிரசுக்குள் கடும் எதிர்ப்பு எழுந்தது. பொதுப்பணத்தில் நடக்கும் தேசியக் கல்வி நிலையத்தில் பந்தி வேற்றுமை கூடாது என்பது பெரியார் ஈ.வெ.ரா., வரதராஜுலு நாயுடு முதலியோரின் நிலை. அம்மாணவர்களின் பெற்றோருக்கு அளித்த வாக்கைக் காக்கவேண்டும் என்பது ஐயரின் நிலை. தாம் யாரோடும் அமர்ந்து உண்ணும் வழக்கமுடையவர் என்பதை எதிர்த்தவர்களும் அறிவர். 1925இல் தமிழகம் வந்த காந்தி, அவ்விருவரைப் பொறுத்தமட்டில் ஏற்பாடு தொடரலாம், இனிச் சேர்வோருக்கு அவ்வாறு வாக்களிக்கக் கூடாது என்னும் வகையில் இணக்கம் காண முயன்றார். பூசல் தணியவில்லை. ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார்.

ஐயரைப் போற்றுவோர் இப்பகுதியைத் தவறான புரிதலால் விளைந்த துயரம் என்று சுருக்கமாக முடித்துவிடுகின்றனர். இது போதாது. எதிர்த்தவர்கள் கேட்டது தனிமனிதரின் நல்லெண்ணத்தைப் பற்றிய கேள்வியன்று. நிறுவனத்தின் விதியைப் பற்றிய கேள்வி. இரு பெற்றோருக்குத் தந்த வாக்குப் பெரிதா, பிற மாணவர் அனைவரின் மதிப்புப் பெரிதா என்று வந்தபோது ஐயர் முதலாவதைத் தேர்ந்தார். அரச உறுதிமொழியை மறுத்துப் பட்டத்தைத் துறந்தவரின் வாக்குறுதிப் பிடிவாதமே இங்கும் செயல்பட்டது எனலாம். இலண்டனில் அது வீரமாயிற்று. சேரன்மாதேவியில் அநீதிக்குத் துணையாயிற்று. புக்கர் வாஷிங்டனின் வாழ்வை எழுதியவர் சொந்தப் பள்ளியின் உணவுக் கூடத்தில் அவ்வாழ்வு சுட்டும் பொருளைப் பொருத்திப் பார்க்கவில்லை. இம்முரணை மறைக்காமல் எழுதுவதால் அவருடைய கம்பன் ஆய்வின் மதிப்பு ஒரு துளியும் குறையாது. குருகுலச் சர்ச்சையை மட்டும் வைத்து அந்த ஆய்வைப் புறக்கணிப்பதும் பொருந்தாது.

1925 மே 2ஆம் நாள் 'குடிஅரசு' முதல் இதழ் வெளிவந்தது. ஒரு மாதமும் ஒரு நாளும் கழித்து, ஜூன் 3ஆம் நாள், குருகுல மாணவர்களோடு பாபநாசம் அருவிப் பகுதிக்குச் சென்றிருந்தபோது, நீரோட்டத்தில் விழுந்த மகள் சுபத்திரையைக் காக்க முயன்று ஐயரும் மூழ்கி இறந்தார். மகளும் பிழைக்கவில்லை. அவருக்கு அப்போது வயது 44. ருக்மிணியின் முடிவோடு இதனை இணைத்து ஊழின் விளையாட்டாகக் காணும் எழுத்துகள் உள்ளன. கதையில் நிகழ்ந்தது தற்கொலை. பாபநாசத்தில் நிகழ்ந்தது விபத்து. இரண்டிற்கும் தண்ணீரைத் தவிர வேறு பொதுமை இல்லை.

குருகுலச் சிக்கல் அவரோடு மறையவில்லை. அவ்வாண்டு நவம்பரில் காஞ்சிபுரத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்திற்கு இடம் மறுக்கப்பட்டபோது பெரியார் வெளியேறினார். அதற்கு முன்னிகழ்வாகிய கசப்புகளுள் சேரன்மாதேவி முதன்மையானது. இவ்வகையில் ஐயரின் பெயர் தமிழக அரசியலின் திசைமாற்றத்தோடு, அவர் எண்ணியிராத வகையில், பிணைந்துவிட்டது.

நூல்களின் வரலாறோ மெதுவாக நடந்தது. சிறுகதைத் தொகுதி மறுபதிப்புகள் கண்டு பாடத்திட்டங்களில் நுழைந்தது. வரகனேரியில் அவர் வாழ்ந்த வீடு பின்னாளில் அரசின் நினைவில்லமாக ஆக்கப்பட்டது. கம்பனைப் பற்றி அவர் தமிழில் எழுதிய சில கட்டுரைகள் 'பாலபாரதி' வழியே வாசகரை எட்டின. பல்லாரியில் எழுதிய ஆங்கில ஆய்வு மட்டும் கால் நூற்றாண்டுக்கு மேலாகக் காத்திருந்து, நாடு விடுதலை பெற்றபின், 1950இல் டெல்லித் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக நூல் வடிவம் பெற்றது.